வெட்டப்படாத ரிப்பன்

அமைதித் துறை வேண்டுமென்று தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கிய செண்பகவல்லிதான் அந்தத் தாலுகாவின் முதல் அமைதி அலுவலர். முதல் வழக்கும் தயாராக இருந்தது. வரப்புத் தகராறில் பல வருடமாய்ப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி, மாடசாமியும் இசக்கியும். இவர்கள் சமாதானமாகாவிட்டால் அலுவலகத்தையே மூடிவிடுவதாக மேலிடம் சொல்லியிருந்தது. இருவரும் திறப்பு விழாப் பந்தலின் இரு கோடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

அலுவலக வாசலில் கட்டிய ரிப்பனை யார் வெட்டுவது என்று மாவட்ட அமைதிக்குழுத் தலைவருக்கும் வட்டார அகிம்சை வாரியத் தலைவருக்கும் சண்டை மூண்டுவிட்டது.

"நான் சீனியர்யா!"

"போய்யா, பேனர்ல எம்படம்தான் பெருசு!"

பொன்னாடைகள் கிழிந்தன. செண்பகவல்லி கும்பிட்டுப் பார்த்தாள், கேட்பாரில்லை.

"அண்ணே, கத்திரிக்கோலப் புடுங்கு! குத்திக்கிடப் போறானுவ!" என்று இசக்கி கத்தினார்.

"நீ அந்தக் குண்டனப் பிடிலே!" என்று பாய்ந்தார் மாடசாமி.

தலைவர்களை ஆளுக்கொரு காரில் ஏற்றிவிட்டு, இருவரும் மூச்சு வாங்கியபடி ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். செண்பகவல்லி டீயை நீட்டினாள்.

"அந்த வரப்பு விஷயம்..."

"அத நாங்க பேசிக்கிடுதோம்மா. நீங்க அவுகளப் பாருங்க" என்றார் மாடசாமி.

ரிப்பனை யார் வெட்டுவதென்று இன்னும் முடிவாகவில்லை. சண்டையோடு வருகிறவர்கள் எல்லோரும் அதனடியில் கொஞ்சம் குனிந்துதான் உள்ளே போகிறார்கள்.