புத்தகத்தில் போட்டபடி

“இந்தக் கல் பெஞ்சு இங்க எப்படிம்மா வந்துது?”

அருணகிரி கேட்ட தோரணையில், பெஞ்சில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த மங்கம்மாள் சட்டென்று எழுந்துவிட்டாள்.

“வெள்ளக்காரத் தொர காலத்துலேர்ந்து கீதுங்க. சாயங்காலம் ஆனா தொர இங்க குந்திகினுதான் டீ குடிப்பாராம்.”

“பொய்!”

“இன்னாங்க இப்படிச் சொல்றீங்க? உங்க கையில கீற பொஸ்தகத்துலயே போட்டிருக்குதே!”

அருணகிரி கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினார். போட்டிருந்தது வாஸ்தவம்தான். நாலாம் பக்கம். போட்டவரே அவர்தானே!

ஜவ்வாது மலையில் வெள்ளைக்காரர்கள் ஒரு காலத்தில் சின்ன டவுன் மாதிரி குடியிருந்த இடம் துரைமேடு. பங்களா, சர்ச், கல்லறை, குதிரை லாயம் எல்லாம் இடிந்தும் இடியாமலும் நிற்கின்றன. கூட ஆள் இல்லாமல் ஜனங்கள் தாங்களாகவே நடந்து பார்க்க ஒரு சின்னப் புத்தகம் எழுதும்படி, எண்பத்தொன்றாம் வருஷம் சுற்றுலா ஆபீசில் அருணகிரியிடம் சொன்னார்கள். அவரும் போளூர் வரை வந்தார். மலை பஸ்ஸில் தொங்கிய கூட்டத்தைப் பார்த்தார். நேரே லாட்ஜுக்குப் போய், ஒரு பழைய மேப்பை விரித்து வைத்துக்கொண்டு, ஃபேனுக்கு அடியிலேயே மலை ஏறி இறங்கிவிட்டார். மூன்றாவது வளைவில் துரை உட்கார்ந்த கல் பெஞ்சு, முடிவில் துரை கட்டி இன்றைக்கும் நடக்கிற பள்ளிக்கூடம், இரண்டுமே அவருடைய கைச்சரக்கு.

இரண்டு வருஷம் கழித்து வந்தது வினை. புத்தகத்தைப் படித்துச் சொக்கிப்போன மேலதிகாரி, வருகிற திங்கட்கிழமை அதைக் கையில் வைத்துக்கொண்டு தானே நடந்து பார்க்கப்போகிறாராம். குட்டு வெளிப்பட்டால் வேலை போய்விடும். எது எது இல்லை என்று பார்த்து அதற்கொரு சாக்கு தயார் பண்ணலாம் என்றுதான், அருணகிரி வியாழக்கிழமையே லீவு போட்டுவிட்டு ஏறி வந்திருக்கிறார்.

வந்து பார்த்தால், இல்லாத பெஞ்சு இருக்கிறது! உளி பட்ட வெள்ளைகூட இன்னும் மங்கவில்லை.

நியாயமாக அவருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்ததோ கோபம். இந்த மலையில் பொய் சொல்லும் உரிமை தனக்கு மட்டும்தான் என்று நினைத்தாரோ என்னவோ!

“இது புதுக் கல்லும்மா. வர்றவங்களை ஏமாத்தவா இந்த வேலை? நான் ஆபீஸ்லேர்ந்து வர்றேன். நெசத்தைச் சொல்லிடு.”

ஆபீஸ் என்றதும் மங்கம்மாளின் முகம் சுண்டிவிட்டது.

“தப்பா நெனைக்காதீங்க சார். போன வருசம் மாசமா இருந்த ஒரு பொண்ணு புருசனோட வந்துச்சு. ‘இன்னும் கொஞ்ச தூரம்தான், பெஞ்சு வந்துடும்’னு சொல்லிச் சொல்லியே அந்தப் பையன் அவளை ஏத்திகினு வந்தான். வந்து பாத்தா ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணு மண்ணுல குந்திகினு அழுதுடுச்சு. ஊரைத் தேடி வந்தவங்களுக்குக் குந்த ஒரு எடம் இல்லன்னா எங்களுக்குத்தானே அசிங்கம்? எங்க வூட்டுக்காரரும் அவரு தம்பியும் கல்லைப் பொளந்து கொணாந்து போட்டாங்க.”

“அப்போ துரை போட்டதுன்னு ஏன் சொன்னே?”

“பொஸ்தகம் எழுதினவரு பேரு கெடக்கூடாதுல்ல?”

அருணகிரி பெஞ்சில் உட்காரப் போனார். கூச்சமாக இருந்தது. நின்றுகொண்டே கேட்டார்.

“சரி, பெஞ்சைப் போட்டுட்டீங்க. பள்ளிக்கூடத்தை யாராவது கேட்டா என்ன பண்ணுவீங்க?”

“வாங்க சார், காட்டறேன்.”

அவள் கூட்டிக்கொண்டு போனது குதிரை லாயத்துக்கு. கூரைக்குப் புதுசாகப் புல் வேய்ந்திருந்தது. உள்ளே இருபது பிள்ளைகள். வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் கரும்பலகை ஓரமாக நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகள் ஒரே குரலில் படித்தன.

“மூன்றாவது வளைவில் ஒரு கல் பெஞ்சு இருக்கிறது...”

அருணகிரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“படிக்கிறதுக்கு வேற பொஸ்தகம் கெடைக்கல சார்” என்றாள் மங்கம்மாள். “டூரிஸ்டுங்க போட்டுட்டுப் போறதை எடுத்து வெச்சிருக்கோம்.”

“யாரு அந்தப் பெரியவர்?”

“சைபுல்லா வாத்தியாரு. வாணியம்பாடியில ரிட்டையர் ஆனவரு. மலைமேல தொர காலத்துப் பள்ளிக்கூடம் இன்னும் நடக்குதுன்னு பொஸ்தகத்துல படிச்சிட்டு ஆசையா பாக்க வந்தாரு. அப்ப இங்க ஆடுங்கதான் கட்டிக் கெடந்துச்சு. ‘பள்ளிக்கூடம் எங்கம்மா?’ன்னு கேட்டாரு. எங்களால தலை நிமிர முடியல. ரொம்ப நேரம் நின்னு எங்க புள்ளைங்களையே பாத்துகினு இருந்தாரு. அடுத்த வாரம் கரும்பலகையோட பஸ்ஸை வுட்டு எறங்கினாரு சார். திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும் நாலு நாளு இங்கதான் தங்கறாரு.”

திங்கட்கிழமை அதிகாரி வந்தால் பெஞ்சு இருக்கும், பள்ளிக்கூடமும் இருக்கும். வேலைக்கு ஆபத்தில்லை. ஆனால் அருணகிரிக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

“அம்மா, அந்தப் புத்தகத்தை எழுதினவன் சுத்தப் புளுகன். இந்த மலையில காலே வெக்காதவன்.”

மங்கம்மாள் சிரித்துவிட்டாள்.

“அது எங்களுக்கு அப்பவே தெரியும் சார். வந்து பாக்கற ஆபீசருங்க எல்லாரும் இங்க ஒண்ணும் இல்லன்னு எழுதிகினு போய்ட்றாங்க. இருக்குதுன்னு எழுதினது அவரு ஒருத்தருதான். அவரைப் பாத்தா, அடுத்த தடவை இங்க ஒரு ஆஸ்பத்திரியும் இருக்குதுன்னு எழுதச் சொல்லுங்க.”