ஒரே ஒரு ஆணி

வாசலிலேயே செருப்பைக் கழற்றி, யார் காலிலும் படாதபடி ஓரமாக ஒதுக்கி வைத்தார் இவர்.

எனக்கு அங்கேயே எரிச்சல் ஆரம்பித்துவிட்டது.

தரகர் ஷூவோடு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். இவர் நிலைப்படிக்கு வெளியே நின்று, "உள்ளே வரலாமா?" என்று கேட்டார். வாங்கப்போகிற வீட்டில்!

இது நாங்கள் பார்க்கும் ஏழாவது வீடு. குடியிருக்க அல்ல, வாங்கி வாடகைக்கு விட. இந்த வித்தியாசத்தை இவர் மண்டையில் ஏற்ற ஆறு வீடுகளாக நானும் முட்டிமோதிப் பார்க்கிறேன்.

நான் மருந்துக்கடையில் கல்லாவில் இருப்பவள். இவர் லிஃப்ட் மெக்கானிக். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். எங்களுக்கு வேலை இருக்கிற பக்கம் ஒரு குளியலறைகூட அதற்குக் கிடைக்காது. ஊரின் இந்தக் கோடியில் ஒன்றை வாங்கிப் போட்டால், இதில் வரும் வாடகை வேலையில்லாத வயதில் எங்கள் வாடகைக்கு ஆகும். தப்பான வீட்டை வாங்கிவிட்டால் மறுபடி சேர்க்க எங்களுக்கு ஆயுசு இல்லை.

சாயங்காலத்துக்குள் முன்பணம் தராவிட்டால் வேறு ஆள் காத்திருக்கிறார் என்று தரகர் காலையிலேயே சொல்லிவிட்டார். ஏழு தரகர்களும் இதையேதான் சொன்னார்கள். ஆனாலும் முன்பணத்தைப் பையில் எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தேன்.

நான் குழாய்களைத் திறந்து பார்த்தேன். குளியலறைச் சுவரில் உள்ளங்கையை வைத்து ஓதம் இருக்கிறதா என்று பார்த்தேன். பேருந்து நிறுத்தத்துக்கு எத்தனை நிமிட நடை, கடைசியாக எத்தனை மாதம் காலியாகக் கிடந்தது என்று துருவித் துருவிக் கேட்டேன்.

இவரும் பரிசோதித்தார். லிஃப்டை. கால் மணி நேரம், காதை வைத்து.

பிறகு தரகர் அருகில் போய்க் குரலைத் தாழ்த்தினார். "வாடகை ஒழுங்கா குடுத்துட்டு இருந்தா, திடீர்னு காலி பண்ணச் சொல்ல மாட்டாங்கல்ல?"

தரகர் பேந்தப் பேந்த விழித்தார். "சார், சொல்லப்போறதே நீங்கதானே?"

எனக்கு மானம் போயிற்று.

இவரைச் சொல்லியும் குற்றமில்லை. பத்தொன்பது வருடம், ஒன்பது வாடகை வீடு. ஒன்பது ஓனர்கள் முன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மனுஷன். எங்கள் கல்யாணப் படம் இன்றுவரை ஒரு சுவரிலும் ஏறியதில்லை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் சாய்ந்தே கிடக்கிறது. இவர் கேட்காமல் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார். ஆணி அடித்தால் சுவர் பாழாகிவிடும் என்றார்கள், ஒருத்தர் பாக்கியில்லாமல்.

போன மாதம் பேருந்தில் வரும்போது நான் இவரிடம் சத்தமாகவே சொன்னேன். நமக்கென்று ஒரு வீடு வரட்டும், குடிவருகிறவர்கள் ஆசை தீர ஆணி அடித்துக்கொள்ளட்டும், ஒரு வார்த்தை கேட்க மாட்டேன் என்று. பக்கத்து இருக்கைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

இந்த வீட்டில் ஓதம் இல்லை. தண்ணீர் நன்றாக வந்தது. இரண்டு வருடமாக ஒரு குடும்பம் இருக்கிறது, தொடர்ந்து இருக்கவும் தயார். இவரிடம் கண்ணால் கேட்டேன். இவர் உத்தரத்தைப் பார்த்தார். இனி இவரை நம்பிப் பிரயோஜனமில்லை.

"நாங்க வாங்கிக்கறோம்," என்றேன் தரகரிடம், நானே.

அதுவரை அடுப்படி வாசலில் நின்றிருந்த குடித்தனக்காரப் பெண் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் சட்டம் போட்ட படம். மாலையும் கழுத்துமாக அவளும் அவள் கணவனும். சட்டத்தின் மூலையில் ஒட்டடை.

"அக்கா, இனிமே நீங்கதானே ஓனர்? ஒரே ஒரு ஆணி அடிச்சுக்கட்டுமா? இதுக்கு மட்டும்தான்."

சுவரைப் பார்த்தேன். மாசுமருவில்லாத வெள்ளை. எங்கள் பத்தொன்பது வருடம் மொத்தமும் அந்தச் சுவரில் இருந்தது.

"ஆணி அடிச்சா சுவர் பாழாயிடும்மா."

அவள் தலையாட்டினாள். முகம்கூட மாறவில்லை. படத்தைக் கொண்டுபோய்த் தரையில் சாய்த்து வைத்தாள்.

ஏதாவது சொல்லுங்களேன் என்று எரிச்சலோடு இவர் பக்கம் திரும்பினேன்.

இவர் என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.