உம்மணாமூஞ்சி

காலை பத்து இருபது. விடாத தூறல். நனைந்த குடையை மடக்கவும் தோன்றாமல், பரிசோதனைக்கூட வாசலில் மனைவியோடு வந்திருந்த கணவர் குரலை உயர்த்தினார்.

“இன்னிக்கும் ரிப்போர்ட் இல்லையா? உள்ளே என்னதான் பண்றீங்க?”

முகக்கவசம் அணிந்த பெண் டாக்டர் நிதானமாகச் சொன்னார்:

“உங்க மனைவிக்குக் காதுக்குக் கீழே வந்திருக்கிறது உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டி. அபூர்வமான ரகம். சாதுவான கட்டியும் பொல்லாத கட்டியும் லென்ஸ்ல ஒரே மாதிரி தெரியும். இன்னொரு டாக்டருக்கும் ஸ்லைடு அனுப்பியிருக்கேன்.”

“உங்க அபிப்பிராயத்தை அவர்கிட்ட சொன்னீங்களா?”

“இல்லை. சொன்னா அவரும் என் கண்ணாலதான் பார்ப்பார்.”

“தெரியலைன்னு நேரா சொல்லிடுங்களேன்!”

“தெரியலைங்க.”

பொல்லாத கட்டி என்றால், அதை ஒட்டி ஓடும் முக நரம்பையும் சேர்த்து வெட்ட நேரும். பாதி முகம் அசையாது என்று அறுவை டாக்டர் சொல்லியிருந்தார்.

படியிறங்கும்போது பொருமினார்.

“ஓர் ஆறுதல் உண்டா, சிரிப்பு உண்டா? சரியான உம்மணாமூஞ்சி!”

“மாஸ்க்குக்குள்ளே சிரிச்சா உங்களுக்கு எப்படிங்க தெரியும்?” என்றாள் மனைவி.

“கண்ணுல தெரியும்டி.”

அடுத்த வாரம் முடிவு வந்தது. சாதுவான கட்டி. நரம்பைத் தொடாமல் கட்டியை மட்டும் எடுத்தார்கள்.

கண்விழித்த மனைவி புன்னகைத்தாள். இரண்டு கன்னங்களும் சேர்ந்தே உயர்ந்தன. கணவர் அறுவை டாக்டரின் கைகளைப் பற்றிக்கொண்டார்.

“நன்றியை லேப் டாக்டருக்குச் சொல்லுங்க. பொல்லாததுன்னுதான் நானே நினைச்சேன். நிச்சயமாகாம கையெழுத்துப் போட மாட்டேன்னு பிடிவாதமா நின்னது அவங்கதான்.”

மறுநாள் காலை, அறுவை டாக்டர் அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். மனைவி கைக்கண்ணாடியில் திரும்பத் திரும்பச் சிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் பரிசோதனைக்கூடத்துக்குப் போனார்.

முகக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு டாக்டர் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்.

“ரொம்ப நன்றிங்க டாக்டர். அன்னிக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்...”

டாக்டர் நிமிர்ந்து சிரித்தார். முகத்தின் ஒரு பாதி மட்டுமே சிரித்தது.

“பரவாயில்லைங்க. எனக்கு வந்ததும் சாதுவான கட்டிதான். ஆனா, ரிப்போர்ட்டை ஒரே நாள்ல குடுத்துட்டாங்க.”