சாய்ந்த மேசையில் இரண்டு ஊர்கள்

ஒரு அருங்காட்சியகத்தின் மேசை மீது மூன்று பழைய சாமான்கள் இருந்தன. சிகாகோவில் உழைத்த, பாரம் தூக்கும் ஜாக்கி, நியூயார்க்கில் உழைத்த, பாறை வெட்டும் பிக்காசு, எந்த ஊரில் உழைத்தோம் என்பதையே மறந்துவிட்ட, மட்டம் பார்க்கும் ரசமட்டம்.

மேசையின் ஒரு கால் குட்டை. பக்கத்தில் யாராவது நடந்தால், மூன்றும் விளிம்பை நோக்கிக் கொஞ்சம் நகரும்.

“எங்க ஊர்ல தெருவெல்லாம் சேறு. தண்ணி வடிய வழியில்ல,” என்றது ஜாக்கி. “அதனால கட்டடங்களையே தூக்கினோம். நாங்க திருகத் திருக ஓட்டல் மேல போச்சு. உள்ள இருந்தவங்க சாப்பாட்டை விட்டு எழுந்திரிக்கல.”

“தூக்குறது என்ன பெரிசு? எங்க ஊர்ல குன்றும் பாறையும். அதையெல்லாம் வெட்டித் தெருவை நேரா விட்டோம்,” என்றது பிக்காசு. “உச்சியில மாட்டிக்கிட்ட வீட்டுக்காரங்க ஏணி வச்சு இறங்கினாங்க.”

“அண்ணே, நாம விழப்போறோம்,” என்றது ரசமட்டம். அதன் கண்ணாடிக் குழாய்க்குள் இருந்த குமிழி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“குட்டைக் காலைத் தூக்கணும்,” என்றது ஜாக்கி.

“மத்த மூணையும் வெட்டணும்,” என்றது பிக்காசு.

இரண்டும் விடுவதாக இல்லை. பிக்காசின் காம்பு மேசைக்கு வெளியே நீண்டுவிட்டது.

கூட்டிப் பெருக்க வந்த டோரதி அதைப் பார்த்தாள். அட்டைப்பெட்டியில் ஒரு துண்டை வெட்டி, மடித்து, குட்டைக் காலுக்கு அடியில் செருகினாள். குமிழி நடுவுக்கு வந்து நின்றது.

“பாத்தியா, தூக்கித்தான் சரி பண்ணினா,” என்றது ஜாக்கி.

“வெட்டின அட்டையாலதானே,” என்றது பிக்காசு.

“ஆமாண்ணே,” என்று இரண்டு பேரிடமும் சொன்னது ரசமட்டம். குமிழி அசையவே இல்லை.