படம் திறக்கவில்லை

"எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல தங்கச்சி, இந்த லிங்கை எல்லாம் தொறந்து குடு. இன்னைக்கு ஒருத்தன தோட்டத்த விட்டே வெரட்டணும்" என்று லெப்டொப்பை மேசைமேல் வைத்தார் கோகுலராஜ்.

தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு எதிரே, டைப் அடித்து ஈமெயில் அனுப்பித் தரும் அந்த கொமினிகேஷன் கடையில் காலையில் வேறு ஆள் இல்லை. கடையைப் பார்த்துக்கொள்ளும் ஷாமிலா நிமிர்ந்து பார்த்தாள். மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் இவர்தான் கண்டாக்கையா, மலையில் வேலை வாங்குகிறவர். தோட்ட மனேஜரான பெரிய துரையைவிட இவருடைய தொண்டைக்குத்தான் அங்கே பயம் அதிகம்.

"என்ன லிங்குங்க ஐயா?"

"என்மேல எவனோ மொட்டைப் பெட்டிசம் போட்டிருக்கான். வேர்ட்ல அடிச்சு, கொழும்பு ஹெட் ஒபிஸுக்கு ஈமெயில்ல. பிள்ளைக்காம்பராவ பூட்டிட்டு, உள்ள நான் யாவாரத்துக்கு லீக்ஸ் மரக்கறி மூட்டை அடுக்கி வச்சிருக்கேனாம். அதுக்கு போட்டோ வேற இருக்காம். ஆனா கிளிக் பண்ணினா தொறக்குது இல்ல."

ஷாமிலாவின் கை கீபோர்டில் அப்படியே நின்றது. "ஆறுமா தொறக்கல?"

"ஒண்ணுகூட இல்ல. ஹெட் ஒபிஸ்லயும் அதே கததான். 'படங்களைப் பார்க்க முடியவில்லை, உங்கள் விளக்கத்தை அனுப்பவும்'னு எனக்கே அனுப்பி வச்சிருக்காங்க. கடவுள் இருக்காரு தங்கச்சி!"

கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் பிள்ளைக்காம்பரா. மூன்று மாதமாக அங்கே பிள்ளைகள் இல்லை, லீக்ஸ்தான் இருந்தது. ஆனாலும் கடவுள் தன் பக்கம்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

"தொறக்காட்டி உங்களுக்கு நல்லதுதானேங்க?"

"ஆளு தெரியணுமே! எந்தப் பக்கம் நின்னு எடுத்திருக்கான்னு பாத்தா போதும். பின்ஜன்னல் பக்கம் வாச்சர் சிவசாமி மட்டும்தான் போவான். அவனாத்தான் இருக்கும்." பையிலிருந்து ஒரு தாளை எடுத்து ஆட்டிக் காட்டினார். "வேலைய விட்டு நிப்பாட்டுற கடிதம். பத்து மணிக்கு பெரிய துரை கையெழுத்து வைப்பாரு. இருபத்தெட்டு வருசம் காவல் காத்தது இன்னையோட முடிஞ்சுது."

ஷாமிலா கண்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு முதல் லிங்கைக் கிளிக் செய்தாள். திறக்கவில்லை. மவுஸை லிங்கின்மேல் வைத்தபோது அதன் விலாசம் தெரிந்தது. படித்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என்னா பிரச்சினை?"

"மடத்தனம்ங்க. போட்டோவ கடிதத்துக்குள்ள வைக்காம, அது கெடக்குற இடத்தோட விலாசத்த மட்டும் லிங்கா குடுத்திருக்கு. படம் எந்த கம்பியூட்டர்ல கெடக்குதோ அதுல மட்டும்தான் தொறக்கும். அடிச்ச இடத்துல தொறந்திருக்கும், ஊருக்கே தொறக்கும்னு நெனச்சு அனுப்பியாச்சு."

கோகுலராஜ் தொடையில் தட்டிச் சிரித்தார். "பெட்டிசம் போடத் தெரிஞ்ச மடையனுக்கு படம் போடத் தெரியல!"

அந்தச் சிரிப்பு ஷாமிலாவுக்குச் சுருக்கென்று தைத்தது. முகம் சிவந்துவிட்டது. தொழில் தெரிந்தவர்களுக்கு அடுத்தவன் தப்பைப் பார்த்தாலும் கோபம் வரும்போல என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"என்கிட்ட விடுங்க ஐயா. எப்படி தொறக்க வைக்கணுமோ அப்படி வைக்கிறேன்" என்றவள், கோப்பைப் பென் டிரைவில் எடுத்துத் தன் கம்பியூட்டரில் போட்டாள். திரை அவள் பக்கம் திரும்பியிருந்தது.

அடுத்த பத்து நிமிடமும் கோகுலராஜ் பேசிக்கொண்டே இருந்தார். சிவசாமி எப்படிக் காலில் விழுந்து அழுவான் என்று நடித்தே காட்டினார். "குடியிருக்கிற லயத்துக் காம்பராவ காலி பண்ண வச்சு, சட்டிபானையெல்லாம் ரோட்டுல போட வைக்கிறேன் பாரு."

"பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆச்சாங்க ஐயா?" தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"ஒரு குட்டி லயத்துல தனியா இருந்து சுடுதண்ணிக் கேத்தல இழுத்து மேல ஊத்திக்கிச்சாம். பெத்தவ பாத்துக்கணும். அதுக்கு நான் என்ன செய்றது?"

ஷாமிலாவின் விரல்கள் இன்னும் வேகமாக அடித்தன. கடைசியில் ஒரே ஒரு கிளிக் கேட்டது.

"தொறந்திடுச்சுங்க" என்று திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"கெட்டிக்காரி!" என்று துள்ளினார் கோகுலராஜ். சந்தோஷத்தில், சற்று முன்பு அவள் சொன்னதெல்லாம் அவருக்கு மறந்தே போனது. முதல் படத்தில் பிள்ளைக்காம்பரா கதவும் பெரிய பூட்டும் இருந்தன. அடுத்ததில் தொட்டில் கம்பியில் சாய்த்து வைத்த லீக்ஸ் மூட்டைகள். அதற்கடுத்ததில் தோளில் ஒரு மூட்டையோடு அவரே நின்றார், முகம் பளிச்சென்று தெரிந்தது. ஆறாவது படத்தில் முழங்கை வரை கட்டுப் போட்ட ஒரு சின்னக் கை.

"இது யாரு கை?"

"எங்க அக்கா பிரியந்தியோட மக கை. வாசல்லயும் பின்ஜன்னல்லயும் நின்னு மத்த படத்த எடுத்தது அக்காதான். சிவசாமி அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

கோகுலராஜ் அவளைப் பார்த்தார். பிறகு மேசைக்கடியில் இரைந்துகொண்டிருந்த அவளுடைய கம்பியூட்டரைப் பார்த்தார்.

"அழி! எல்லாத்தையும் இப்பவே அழி!"

"தாராளமா அழிக்கலாம்ங்க ஐயா, இந்தத் தடவ படத்த உள்ளயே ஒட்டி ஹெட் ஒபிஸுக்கு அனுப்பிட்டேன்."