எண்பத்து நான்காம் பக்கம்

பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘முன்னுரை’. எந்தப் பருவத்திலும் அவர் நடத்திய பாடம் அதைத் தாண்டியதில்லை. ஆனால் பதிப்புரிமை என்று பேச்சு வந்துவிட்டால் முடிவுரை வரைக்கும் விடமாட்டார்.

பல்கலைக்கழகத்தின் நகல் விதிகளை எழுதியவரே அவர்தான். ‘வகுப்புக்காக ஓர் அத்தியாயம் மட்டுமே நகல் எடுக்கலாம். முழுதாக எடுக்க, எழுதியவரின் அனுமதிக் கடிதம் வேண்டும்.’ அவர் கையெழுத்தோடு அந்தப் பலகை, நூலக மாடிப்படிக்குக் கீழே இருந்த ஜெராக்ஸ் கடையிலும் தொங்கியது.

அந்தப் பலகைக்கு அடியிலேயே திருட்டு நடந்துகொண்டிருந்தது.

நாற்பது கட்டுகள், சூடு ஆறாமல். ஒன்றுக்கும் மேலட்டை கிடையாது. பேராசிரியர் ஒரு கட்டை நடுவில் பிரித்தார். முகம் சிவந்தது. அவருடைய ‘வரிசையின் சமூகவியல்’! விருது வாங்கித் தந்த புத்தகம். அடுத்த வாரம் துறைத் தலைவர் நாற்காலியையும் தரப்போகிற புத்தகம்.

“யோவ், கடையை மூடு! இன்னியோட உன் கதை முடிஞ்சுது.”

“சார், இதுக்கு அனுமதிக் கடிதம் இருக்கு சார்...” கடைக்காரர் மேசை இழுப்பறையைத் துழாவினார். இரண்டு மெஷினும் தவணையில் வாங்கியவை.

“யார் குடுத்தா? நான் குடுத்தேனா? வாயை மூடு!”

நூலகத்தின் பதிப்புரிமை அதிகாரி புகார்ப் படிவத்தோடு மாடிப்படி இறங்கி வந்தார். மூக்குக் கண்ணாடி போட்ட, அதிராமல் பேசும் பெண்மணி.

“வணக்கம் சார். என்னை ஞாபகம் இருக்கா? உங்ககிட்டதான் ஆய்வேடு பண்ணினேன்.”

“வருஷத்துக்கு இருபது பேர் பண்றாங்கம்மா. அத்தனையும் குப்பை. ஒண்ணைக்கூட நான் பிரிச்சுப் பார்த்ததில்லை. நீ முதல்ல புகாரை எழுது.”

எழுதினார். “இந்தக் கட்டுல இருக்கிறதும் உங்க புத்தகத்துல இருக்கிறதும் ஒண்ணுதானா சார்?”

“வரிக்கு வரி! அந்தப் பல் டாக்டர் உதாரணத்தைக்கூட விட்டு வைக்கலை பாரு. அது என் சொந்தக் குடும்பத்துல நடந்தது.”

“அதையும் எழுதிக்கவா?”

“தாராளமா எழுது.”

கடைக்காரர் மறுபடி வாயைத் திறந்தார். அதிகாரி கையமர்த்தினார். “இருங்கண்ணே. சார் கையெழுத்துப் போட்டுடட்டும்.”

பேராசிரியர் விருது வாங்கிய பேனாவால், விருது வாங்கிய தோரணையிலேயே கையெழுத்திட்டார். அதிகாரியும் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கீழே கையெழுத்துப் போட்டார்.

“இப்போ அந்தக் கடிதத்தைக் குடுங்கண்ணே.”

‘என் ஆய்வேட்டை மாணவர்கள் முழுதாக நகல் எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறேன்’ என்றது கடிதம். அடியில் இருந்த கையெழுத்தும், புகாரில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்பதற்குக் கீழே இன்னும் மை காயாமல் இருந்த கையெழுத்தும் ஒன்றேதான்.

பேராசிரியர் இரண்டு கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனால் முப்பது வருடம் மேடை ஏறியவர், அவ்வளவு சீக்கிரம் இறங்கிவிடுவாரா?

“ஓஹோ, இப்படிப் போகுதா கதை? என்னோட யோசனையை நான் வகுப்புல சொன்னேன், நீ எழுதி வச்சுக்கிட்டே. யார் யாரைப் பார்த்து எழுதினாங்கன்னு எந்தக் கமிட்டியில நிரூபிப்பே? ம்?”

“கமிட்டி எதுக்கு சார்? எண்பத்து நாலாம் பக்கமே போதும்.” அதிகாரி, புகார்ப் படிவத்துக்கு அடியில் வைத்திருந்த அவருடைய புத்தகத்தைப் பிரித்து நிதானமாகப் படித்தார். “‘பல் மருத்துவரின் வாசலில் பதினோரு பேரைத் தாண்டி என் நாத்தனார் உள்ளே நுழைந்த அன்றுதான் இந்தக் கோட்பாடு எனக்குள் பிறந்தது.’”

புத்தகத்தை மூடி அவர் கையிலேயே கொடுத்தார்.

“ஆம்பளைக்கு ஏது சார் நாத்தனார்?”