கராஜ் சுவரைத் தாண்டி

மெரிலேண்ட்ஸ் என்ற புறநகரில் ஒரு வீட்டு வாசல். அங்கே நிற்கும் பழைய வேனுக்குள் நான்கு பேர் வானொலியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பத்து வருடமாகப் பப்களில் வாசித்து அலைந்த அவர்களுடைய ராக் இசைக்குழுவின் பாட்டு இன்றுதான் முதன்முறையாக ஒலிபரப்பாகப் போகிறது. இனியும் தொடர்வதா, கலைத்துவிடுவதா என்று போன வாரம்கூடப் பேசினார்கள். டிரம் பெட்டிகளின் மேல் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. பேஸ் கிற்றார் வாசிக்கும் தர்மினி நகம் கடிக்கிறாள். கராஜில் பயிற்சி நடக்கும்போதெல்லாம் "சத்தத்தைக் குறையுங்கோ" என்று சுவரில் தட்டுகிற அவளுடைய அப்பா விக்னராஜா, எதுவும் தெரியாதவர்போல ரோஜாவுக்குத் தண்ணீர் விடுகிறார். அறிவிப்பாளர் குழுவின் பெயரைச் சொல்கிறார். பாட்டு தொடங்க, பாடகன் டேவின் குரல் தெளிவாக எழுகிறது. விக்னராஜா குழாயைப் புல்லில் போட்டுவிட்டு வேன் கதவருகே வருகிறார். "இதில சொல்லுகளும் இருக்கோ?" "ஓம் அப்பா, எப்பவும் இருந்ததுதான்." சுவரைத் தாண்டி இத்தனை வருடமும் அவரிடம் போய்ச் சேர்ந்தது பேஸின் அதிர்வு மட்டும்தான். பாட்டின் நடுவில் எல்லா வாத்தியங்களும் சட்டென்று நிற்கின்றன. அந்த அமைதியில் விக்னராஜாவின் விரல்கள் வேன் கூரையில் தாமாகத் தாளம் போடத் தொடங்குகின்றன. அடுத்த கணம் வானொலியில் தர்மினியின் பேஸ் அதே தாளத்தில் வந்து சேர்கிறது.